வீடு ஒருவருக்கு, மனை வேறொருவருக்கு: ஈபே ஸ்கைப்பை வாங்கிய கதை

நம்மூரில் வீடு வாங்கப் போகிறவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். மனை யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா, தாய்ப் பத்திரம் யார் கையில் என்று துருவுகிறார். வெள்ளையடித்த சுவரும் தேக்குக் கதவும் அதற்குப் பிறகுதான். 2005ஆம் ஆண்டு உலகின் மிகப் பெரிய இணையச் சந்தை நிறுவனம் 260 கோடி டாலர் கொடுத்து ஒரு வீடு வாங்கியது. அந்த வீடு நின்றிருந்த மனை வேறொருவர் பெயரில் இருந்தது. அந்த வேறொருவர், வீட்டை விற்றவரேதான்.

இணைய ஏலச் சந்தையான ஈபே, இணையவழிப் பேச்சு மென்பொருளான ஸ்கைப்பை வாங்கியதைப் பொருந்தாத் திருமணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஏலச் சந்தைக்கும் தொலைபேசிக்கும் என்ன சம்பந்தம், ஆகவே தோல்வி, அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்ற ரீதியில். அந்த வரி பொய்யில்லை. ஆனால் வரவு செலவைக் கூட்டிப் பார்த்தால் ஈபே கைப்பணத்தை இழக்கவே இல்லை. பொருந்தாமையால் வந்த சேதத்தைவிடப் பத்திரத்தில் இருந்த ஓட்டையால் வந்த சேதமே ஆழமானது என்பது என் வாசிப்பு. அதைக் காட்டுவதற்குக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

வாங்கியவரின் அவசரம்

ஈபேயை 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் தொடங்கினார். அதில் முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர். விலை 14 டாலர் 83 சென்ட். உடைந்ததையும் வாங்க ஆள் இருக்கிறது என்பதுதான் அந்தத் தொழிலின் மூலதனம். 1998இல் மெக் விட்மன் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிறகு நிறுவனம் பொம்மை, நாணயம், பழைய கேமரா என்பதிலிருந்து கார் வரைக்கும் வளர்ந்தது.

2002இல் பேபாலை 150 கோடி டாலருக்கு வாங்கியதை இங்கே மறக்கக் கூடாது, ஏனென்றால் ஸ்கைப் முடிவுக்குப் பின்னால் அந்த வெற்றியின் நிழல் இருந்தது. ஈபேயிடம் பில்பாயிண்ட் என்ற சொந்தப் பணப் பரிமாற்ற வசதி ஏற்கெனவே இருந்தது. விற்பனையாளர்கள் அதைச் சீண்டவில்லை; பேபாலைத் தாங்களாகவே பிடித்துக்கொண்டார்கள். வாங்குவதற்கு முன்பே ஈபேயின் ஏலப் பக்கங்களில் பேபால் குடியேறியிருந்தது. ஈபே செய்ததெல்லாம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த உறவைப் பதிவு செய்ததுதான். ஸ்கைப் விஷயத்தில் அப்படி ஓர் உறவு இல்லை. எந்த விற்பனையாளரும் "ஸ்கைப் எண் தருகிறேன், அழையுங்கள்" என்று தன் விளம்பரத்தில் எழுதி நிர்வாகத்தை நெருக்கியதாகத் தெரியவில்லை. இந்த வேறுபாட்டை 2005இல் யாராவது ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்திருந்தால் போதும்.

ஆனால் 2005 நிதானமான ஆண்டாக இல்லை. ஜனவரியில் வெளியான காலாண்டுக் கணக்கு எதிர்பார்ப்பை எட்டாததால் ஈபே பங்கு சரிந்தது. கடை வைத்திருந்த விற்பனையாளர்களின் கட்டணத்தை உயர்த்தியதில் அவர்கள் கொதித்தார்கள். சீனாவில் ஈச்நெட் என்ற நிறுவனத்தை வாங்கி இறங்கியிருந்த ஈபேயை, அலிபாபாவின் தாவ்பாவ் கட்டணமே வாங்காமல் துரத்திக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் யாஹூ அலிபாபாவில் நூறு கோடி டாலரை இறக்கியது. அதே கோடையில் இணையவழிப் பேச்சும் திடீரென்று எல்லோருக்கும் வேண்டிய பண்டமாகிவிட்டது. யாஹூ ஜூனில் டயல்பேடை வாங்கியது. மைக்ரோசாஃப்ட் டெலியோவை வாங்கியது. கூகுள் ஆகஸ்டில் கூகுள் டாக்கை வெளியிட்டது. சந்தையில் தக்காளி விலை ஏறுகிறது என்ற பேச்சு கிளம்பினால் வீட்டில் தக்காளி இருப்பவரும் ஒரு கூடை வாங்கிவைப்பார் அல்லவா? அந்த மனநிலை.

விற்றவர்களின் கைவரிசை

ஸ்வீடனைச் சேர்ந்த நிக்லஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃப்ரீஸ் ஆகிய இருவரும் ஸ்கைப்பைத் தொடங்கியவர்கள். அதற்கு முன் இவர்கள் செய்தது கஸா. பாட்டும் படமும் உரிமை பற்றிய கவலையில்லாமல் கணினிக்குக் கணினி கைமாறிய அந்த மென்பொருளை, தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கஸாவை எழுதிய எஸ்டோனியாக்காரர்களான அஹ்தி ஹெய்ன்லா, பிரீத் கசேசாலு, யான் தல்லின் ஆகியோர்தான் ஸ்கைப்பையும் எழுதினார்கள். பதிவு அலுவலகம் லக்ஸம்பர்க்கில். நிரல் எழுதும் வேலை எஸ்டோனியத் தலைநகர் தாலினில். 2003 ஆகஸ்ட் 29 அன்று முதல் பதிப்பு வெளியானது.

இதன் உள்வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், பின்னால் வரும் வழக்கு முழுவதும் இதைச் சுற்றித்தான். வழக்கமான தொலைபேசி நிறுவனத்துக்கு நடுவில் ஓர் இணைப்பகம் வேண்டும். ஆள் கூடக்கூட இணைப்பகமும் பெருக்க வேண்டும். ஸ்கைப்பில் உள்நுழைவைச் சரிபார்க்க மட்டும் நிறுவனத்தின் கணினிகள் இருந்தன. மற்றபடி யார் எங்கே இருக்கிறார் என்ற தேடலையும், நேரே இணைய முடியாத இருவருக்கு நடுவில் பேச்சைக் கடத்தும் வேலையையும் பயனர்களின் கணினிகளே செய்தன. நல்ல இணைய வேகத்தோடு, தடுப்புச் சுவர் இல்லாமல் எவர் வீட்டு மேசையிலோ ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஸ்கைப் சத்தமில்லாமல் "சூப்பர்நோட்" ஆக்கிக்கொள்ளும். அவர் மின்சாரம், அவர் இணையக் கட்டணம், ஸ்கைப்பின் வேலை. புதிதாக ஒருவர் சேர்ந்தால் நிறுவனத்துக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. கல்யாண வீட்டில் வந்த விருந்தாளிகளையே பந்தி பரிமாற விடுவதைப் போன்ற ஏற்பாடு இது, அதனால்தான் ஊரே சாப்பிட முடிந்தது.

காசு வந்தது வேறு வழியில். கணினியிலிருந்து சாதாரணத் தொலைபேசிக்குப் பேச நிமிடத்துக்குச் சில சென்ட் கட்டணம். 2004இல் மொத்த வருவாய் சுமார் 70 லட்சம் டாலர். 2005இல் 6 கோடி, 2006இல் 20 கோடிக்கு மேல் என்று எதிர்பார்ப்பு. வாங்கிய நேரத்தில் பதிவு செய்திருந்தவர்கள் 5.4 கோடிப் பேர். நாளுக்கு ஒன்றரை லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

விலை எப்படிக் கட்டப்பட்டது

2005 செப்டம்பர் 12 அன்று அறிவிப்பு. அக்டோபர் 14 அன்று கைமாறியது. 260 கோடி டாலரில் பாதி ரொக்கம், பாதி ஈபே பங்கு. இதற்கு மேல், பயனர் எண்ணிக்கை, வருவாய், மொத்த லாபம் ஆகியவற்றில் இலக்கை எட்டினால் 2008, 2009 வாக்கில் இன்னும் 150 கோடி டாலர் வரை தருவதாக ஒரு வாக்குறுதி. முந்தைய ஆண்டு வருவாய் 70 லட்சம் உள்ள நிறுவனத்துக்கு 410 கோடி வரை விலை போகலாம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

ஒப்பந்தத்தில் இந்தக் கூடுதல் தொகைப் பிரிவு புத்திசாலித்தனமானது போலத் தோன்றும். உழைத்தால் காசு, உழைக்காவிட்டால் இல்லை. ஆனால் இலக்கு எதில் வைக்கப்பட்டது என்று பாருங்கள். ஸ்கைப்பின் பயனர், ஸ்கைப்பின் வருவாய், ஸ்கைப்பின் லாபம். ஈபே ஏலங்களில் எத்தனை பேரம் பேச்சால் படிந்தது என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஸ்கைப்பைத் தொடங்கியவர்கள் ஈபே விற்பனையாளருக்காக ஒரு நாள் மெனக்கெட்டால், அந்த ஒரு நாள் அவர்கள் சொந்த இலக்கிலிருந்து கழியும். ஒரே குடும்பம் ஆகிவிட்டோம் என்று மேடையில் சொல்லிவிட்டு, தனிக் குடித்தனத்துக்குப் பரிசு அறிவித்த கதை.

வெளியே சொன்ன காரணங்கள் மோசமில்லை. பழைய கார், வீடு, தொழிற்சாலை இயந்திரம் போன்ற விலை கூடிய பொருளை வாங்குவதற்கு முன் விற்பவரோடு பேச வேண்டும். பேச்சு எளிதானால் பேரம் விரைவில் படியும். விளம்பரத்திலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் விற்பவரிடம் ஒரு தொகை வாங்கலாம். சந்தை, பணம், பேச்சு மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் என்று விட்மன் தரப்பு விளக்கியது. சீனாவைப் பார்த்தவர்களுக்கு இது காற்றில் வந்த யோசனையாகவும் தெரியாது. தாவ்பாவில் வாங்குபவர் விற்பவரோடு அரட்டை அடித்து விலையைக் குறைத்து, மனது ஒப்பினால்தான் பணம் கட்டுவார். ஈபேயோ இருவருக்கும் நடுவில் திரை போட்டு வைத்திருந்தது.

அந்தத் திரை ஏன் இருந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ஈபேயின் வருமானம் விற்பனைக் கட்டணம். வாங்குபவரும் விற்பவரும் நேரே பேசிக்கொண்டால், "ஏலத்தை மூடிவிடுங்கள், கட்டணம் மிச்சம், பத்து டாலர் குறைத்துத் தருகிறேன்" என்று முடித்துக்கொள்வார்கள். தாவ்பாவ் கட்டணம் வாங்காததால் அதற்கு இந்தப் பயம் இல்லை. ஈபேக்கு உயிர்நாடியே அந்தக் கட்டணம்தான். தன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சன்னலைத் திறந்து வைப்பதற்கு 260 கோடி டாலர்.

சீனாவிலும் பேச்சு வந்து காப்பாற்றவில்லை. 2006 டிசம்பரில் ஈபே அங்கே தனியாக நடத்திய கடையை மூடி, டாம் ஆன்லைன் என்ற சீன நிறுவனத்தோடு கூட்டு முயற்சிக்கு இறங்கிவிட்டது. பேச்சு மிகவும் தேவைப்பட்ட சந்தை, பேச்சை வாங்கிய பதினான்காவது மாதத்தில் கைவிட்டுப் போனது.

ஒரு பட்டனும் ஒரு பீங்கான் கோப்பையும்

ஏலப் பக்கங்களில் ஸ்கைப் பட்டன் வந்தது. விற்பவர் விரும்பினால் தன் விளம்பரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வாங்குபவர் அதை அழுத்தினால் அழைப்பு போகும், அல்லது எழுத்தில் அரட்டை.

ஒரு பீங்கான் கோப்பையை எடுத்துக்கொள்வோம். விலை பத்து டாலர். விற்பவர் ஒரு பெண்மணி, வீட்டிலிருந்தே மாதம் இருநூறு பொருள் விற்கிறார். ஏல விளம்பரத்தை இரவில் தட்டச்சு செய்கிறார், பகலில் பொதி கட்டுகிறார். கோப்பையின் பிடியில் விரிசல் உண்டா என்று ஒருவர் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் கேட்டால் அவர் வசதிப்பட்ட நேரத்தில் ஒரு வரி பதில் எழுதுவார். அந்தப் பதில் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படியும் போடலாம், நாளைக்குத் தகராறு வந்தால் சாட்சியாகவும் நிற்கும். அழைப்பில் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் பேச வேண்டும். அடுத்தவருக்கும் அதே ஐந்து நிமிடம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் நள்ளிரவில் அழைப்பார். என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி இல்லை. மூன்று அழைப்பு வந்தால் கோப்பையில் கிடைக்கும் லாபம் பேச்சிலேயே கரைந்துவிடும். அந்த அம்மாள் பட்டனைச் சேர்க்காமல் விட்டால் அதில் ஆச்சரியம் என்ன? பட்டன் பரவலாகவே இல்லை.

ஸ்கைப்பின் பக்கமும் அப்படியே. அதைப் பயன்படுத்தியவர்கள் வியாபாரம் பேச வந்தவர்கள் இல்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் இருந்த நம் வீடுகளில், ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடி சுருக்கமாகப் பேசிப் பழகியவர்கள் முதன்முறையாக அவசரமில்லாமல் பேசினார்கள். பேரனின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து தெரிந்தது, அது போதும். "ஞாயிற்றுக்கிழமை ஸ்கைப்பில் வா" என்பது தமிழ் வாக்கியமாகவே ஆகிவிட்டது. அந்தப் பாட்டியை ஈபே ஏலப் பக்கத்துக்கு எந்தப் பட்டன் கொண்டுபோகும்?

இரு நிறுவனங்களும் எவ்வளவு ஒட்டாமல் இருந்தன என்பதற்கு 2007 ஆகஸ்ட் 16 நல்ல சாட்சி. விண்டோஸ் மென்பொருளுக்கு மாதாந்திரத் திருத்தம் வந்து, உலகெங்கும் கணினிகள் குறுகிய நேரத்தில் அணைந்து மீண்டும் எழுந்தன. எழுந்தவை எல்லாம் ஒரே மூச்சில் ஸ்கைப்பில் உள்நுழைய முயன்றன. அதே வேளையில் சூப்பர்நோட்களாக இருந்த கணினிகளும் அணைந்து எழுந்தவைதானே? பரிமாற வேண்டிய விருந்தாளிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் இலைமுன் உட்கார்ந்துவிட்டார்கள். வலைப்பின்னல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் நிரலில் அதுவரை தெரியாமல் இருந்த ஒரு பிழையும் சேர்ந்துகொள்ள, இரண்டு நாள் உலகம் ஸ்கைப்பில் பேச முடியவில்லை. ஈபே ஏலங்கள் பாட்டுக்கு நடந்தன.

கணக்குப் புத்தகம் பேசிய நாள்

2007 அக்டோபர் 1. ஈபே 143 கோடி டாலரைச் செலவாக எழுதுவதாக அறிவித்தது. அதில் 53 கோடி, கூடுதல் தொகை வாக்குறுதியை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளக் கொடுத்தது. அதிகபட்சத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு. மீதி 90 கோடி, "நற்பெயர் மதிப்பு" என்ற தலைப்பில் புத்தகத்தில் ஏற்றி வைத்திருந்ததைக் குறைத்தது. வணிகவியல் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். வாங்கிய நிறுவனத்தின் கட்டடம், இயந்திரம், காப்புரிமை எல்லாவற்றையும் மதிப்பிட்ட பிறகும் கொடுத்த விலை மிஞ்சி நின்றால், அந்த மிச்சத்துக்கு வைக்கும் மரியாதையான பெயர். ஸ்கைப்புக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி இந்த மிச்சம்தான். அன்றே சென்ஸ்ட்ரோம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2008 மார்ச் இறுதியில் விட்மனும் போய், ஜான் டோனஹோ வந்தார்.

வேடிக்கை என்னவென்றால், தோற்றுவிட்டதாக எழுதப்பட்ட அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஸ்கைப் நன்றாகவே வளர்ந்தது. 2008இல் வருவாய் 55.1 கோடி டாலர். பதிவு செய்தவர்கள் 40.5 கோடிப் பேர். ஈபேயின் உதவியால் வளரவில்லை, ஈபே இருந்தும் வளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஜாஷ் சில்வர்மன் என்ற புதிய தலைவர் அதைத் தனி நிறுவனமாகவே நடத்தினார். 2009 ஏப்ரலில், அடுத்த ஆண்டு ஸ்கைப்பைத் தனியே பிரித்துப் பங்குச் சந்தையில் விற்கப்போவதாக டோனஹோ அறிவித்தார்.

விற்கப் போகும்போதுதான் பத்திரத்தைத் தேடுவார்கள்.

மனை யாருடையது

கணினிக்குக் கணினி இணைக்கும் அந்த அடிப்படைத் தொழில்நுட்பம் ஸ்கைப்புக்குச் சொந்தமில்லை. சென்ஸ்ட்ரோமும் ஃப்ரீஸும் கையில் வைத்திருந்த ஜோல்டிட் என்ற இன்னொரு நிறுவனம் அதற்கு உரிமையாளர். 2003 நவம்பரில் ஜோல்டிட் ஸ்கைப்புக்குப் பயன்படுத்த உரிமம் கொடுத்திருந்தது. ஈபே வாங்கியபோது அந்த உரிமம் வந்ததே தவிர, உரிமை வரவில்லை. 260 கோடி கொடுக்கிறவர், "அதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் எழுந்து போகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அப்போது அதைக் கேட்கும் பலம் இருந்தது. பணம் கொடுத்த பிறகு அந்தப் பலம் இல்லை.

தகராறு மூல நிரலில், அதாவது நிரலாளர் எழுதும் மூலப் பிரதியில், வந்தது. இயங்கும் வடிவத்தைப் பயன்படுத்தத்தான் அனுமதி, மூல நிரலை வைத்துக்கொண்டு மாற்றியது விதிமீறல் என்று ஜோல்டிட் சொல்லி, உரிமத்தை ரத்து செய்வதாக அறிவித்தது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஈபே தன் பங்குதாரர்களுக்குத் தாக்கல் செய்த அறிக்கையில், உரிமம் கைவிட்டுப் போனால் ஸ்கைப்பை இப்போதுபோல் நடத்துவது அநேகமாக இயலாது என்று எச்சரித்தது. மாற்றாகச் சொந்த மென்பொருளை எழுதிக்கொண்டிருப்பதாகவும் சொன்னது. நாற்பது கோடிப் பேர் குடியிருக்கும் வீட்டை அப்படியே தூக்கி வேறு மனையில் வைக்கும் வேலை அது.

2009 செப்டம்பர் 1 அன்று ஈபே 65 சதவீதப் பங்கை விற்பதாக அறிவித்தது. வாங்குபவர்கள் நான்கு முதலீட்டு நிறுவனங்கள்: சில்வர் லேக், ஆண்ட்ரீசன் ஹோரோவிட்ஸ், இண்டெக்ஸ் வென்சர்ஸ், கனடா பென்ஷன் முதலீட்டு வாரியம். ரொக்கம் 190 கோடி, கடன் பத்திரம் 12.5 கோடி, மொத்த நிறுவனத்தின் மதிப்பு 275 கோடி என்று கணக்கு. அதே மாதம் ஜோல்டிட் அமெரிக்காவிலும் பதிப்புரிமை வழக்குப் போட்டது. வழக்கு நிலுவையில் உள்ள மனையை யார் வாங்குவார்கள்?

நவம்பர் 6 அன்று சமரசம். மூல நிரல் உரிமை ஸ்கைப்புக்கு எழுதித் தரப்பட்டது, வழக்குகள் முடிந்தன. அதற்கு ஈடாகச் சென்ஸ்ட்ரோமுக்கும் ஃப்ரீஸுக்கும், அவர்களும் கொஞ்சம் முதலீடு போட, ஸ்கைப்பில் 14 சதவீதப் பங்கு கிடைத்தது. இண்டெக்ஸ் வென்சர்ஸ் விலகியது. சில்வர் லேக் குழுவுக்கு 56, ஈபேக்கு 30 என்று பங்கு பிரிந்தது. பதினெட்டு மாதத்தில், 2011 மே 10 அன்று, மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்குவதாக அறிவித்தது.

இப்போது கூட்டிப் பார்க்கலாம். ஈபே கொடுத்தது 260 கோடியும் 53 கோடியும், ஆக 313 கோடி. வந்தது 2009இல் சுமார் 200 கோடி, 2011இல் முப்பது சதவீதப் பங்குக்குக் கடன் கழித்து ஏறக்குறைய 240 கோடி. எந்தெந்த ஆண்டில் எவ்வளவு போனது, வந்தது என்று வைத்துத் தோராயமாகப் போட்டால் ஆண்டுக்கு ஏழு, எட்டு சதவீத வட்டி தேறும். நம்மூர் வங்கி வைப்புத்தொகைக்கும் அப்போது ஏறக்குறைய இதே வட்டிதான் கிடைத்துக்கொண்டிருந்தது. மாபெரும் தோல்வி என்று சொல்லப்படும் ஒன்றுக்கு இந்தக் கணக்கு கௌரவமானதே. நான்கு ஆண்டு தலைமையின் கவனத்தை ஈபே அதில் தொலைத்தது இந்தக் கணக்கில் ஏறாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆண்டுகளில் அமேசான் என்ன செய்துகொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

விற்றவர்கள் பக்கம் கணக்கு இன்னும் சுவையானது. 2005இல் விலையில் தங்கள் பங்கு. 2007இல் கூடுதல் தொகையில் தங்கள் பங்கு. 2011இல் அந்த 14 சதவீதத்துக்கு ஏறக்குறைய நூறு கோடி டாலர். ஒரே வீட்டை மூன்று தவணையில் விற்றார்கள். மூன்றாவது தவணை பெரும்பாலும் மனைக்காக.

2012இல் மைக்ரோசாஃப்ட், பயனர்களின் கணினிகளில் இருந்த சூப்பர்நோட்களை எடுத்துவிட்டுத் தன் சொந்தக் கணினிக் கூடங்களில் ஆயிரக்கணக்கில் நிறுவியது. அடுத்து வந்த ஆண்டுகளில் கணினிக்குக் கணினி இணைக்கும் ஏற்பாடே படிப்படியாகக் கைவிடப்பட்டது; கைபேசியின் பேட்டரி அந்த வேலையைத் தாங்காது. லண்டனிலும் கலிபோர்னியாவிலும் வழக்காடி, 14 சதவீதம் கொடுத்து மீட்ட மூல நிரல் அலமாரிக்குப் போனது. 2025 மே 5 அன்று மைக்ரோசாஃப்ட் ஸ்கைப்பையும் மூடிவிட்டது. ஈபேயில் பழைய பீங்கான் கோப்பைகள் இன்றும் விற்கின்றன. விரிசல் உண்டா என்று இன்றும் எழுத்தில்தான் கேட்கிறார்கள்.